பெரும்பான்மை கிடைக்காத குடியரசுத் தலைவர் தேர்தல்: மன்ற உறுப்பினர்கள் முடிவு செய்யும் முறை

குடியரசுத் தலைவர் தேர்தலில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் போட்டியிட்டால், யாருக்குமே பாதிக்கு மேல் வாக்குகள் கிடைக்காமல் போகலாம். சட்டமன்றத் தேர்தலிலோ மக்களவைத் தேர்தலிலோ இது ஒரு சிக்கலே அல்ல. மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வென்றவர் ஆவார். ஆனால் நாட்டின் தலைவர் பதவிக்குப் பல நாடுகள் இந்த முறையை ஏற்பதில்லை. பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்கின்றன. அந்த ஆதரவு முதல் எண்ணிக்கையில் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதற்குத் தனி விதிகள் உள்ளன.

இந்தியாவில் இந்த நிலை ஒரே ஒரு முறை, 1969-ஆம் ஆண்டு ஏற்பட்டது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அளித்திருந்த இரண்டாவது விருப்ப வாக்குகளை எண்ணியே வி. வி. கிரி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டார். அந்தத் தேர்தலையும், அமெரிக்காவிலும் இலங்கையிலும் நடந்த இதையொத்த நிகழ்வுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது, யாருடைய வாக்கு எந்த எடையில், எந்த வரிசையில் எண்ணப்படுகிறது என்ற விதியே வெற்றியாளரை உருவாக்குகிறது.

யார் வாக்களிக்கிறார்கள்?

இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 54-ஆவது பிரிவின்படி ஒரு வாக்காளர் குழு அவரைத் தேர்ந்தெடுக்கிறது. அக்குழுவில் இடம்பெறுவோர்:

- மக்களவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்
- மாநிலங்களவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்
- மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்
- டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்

நியமன உறுப்பினர்களுக்கு வாக்குரிமை இல்லை. சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் மேலவை உறுப்பினர்களும் வாக்களிக்க முடியாது. வாக்கெடுப்பு இரகசியமானது. கட்சிகள் கொறடா உத்தரவு பிறப்பிக்க முடியாது. இந்தக் கடைசி விதி 1969-இல் எவ்வளவு முக்கியமானதாக அமைந்தது என்பதைப் பின்னர் காணலாம்.

வாக்கின் மதிப்பு: ஓர் எடுத்துக்காட்டு

இத்தேர்தலில் ஓர் உறுப்பினரின் சீட்டு ஒரு வாக்காக எண்ணப்படுவதில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு கீழ்க்காணும் முறையில் கணக்கிடப்படுகிறது.

மாநில மக்கள்தொகை ÷ தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கை ÷ 1,000

திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைரோடு பகுதியை எடுத்துக்கொள்வோம். கொடைரோடு தொடர்வண்டி நிலையம் அமைந்துள்ள அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை சட்டமன்றத் தொகுதியில் உள்ளது. அத்தொகுதி திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. எனவே இவ்வூர் வாக்காளரின் குரல் நிலக்கோட்டை சட்டமன்ற உறுப்பினர், திண்டுக்கல் மக்களவை உறுப்பினர் ஆகிய இருவர் வழியாகக் குடியரசுத் தலைவர் தேர்தலைச் சென்றடைகிறது.

1971-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. இதை 234-ஆல் வகுத்து, பின் 1,000-ஆல் வகுத்தால் 176 கிடைக்கும். இதுவே நிலக்கோட்டை உறுப்பினரின் வாக்கு மதிப்பு. தமிழ்நாட்டின் மற்ற 233 உறுப்பினர்களுக்கும் இதே மதிப்புதான். திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர் என ஏழு தொகுதிகள் உள்ளன. ஏழு உறுப்பினர்களின் மொத்த மதிப்பு 1,232.

மற்ற மாநிலங்களில் இந்த மதிப்பு வேறுபடும். உத்தரப் பிரதேச உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 208. இதுவே நாட்டில் மிக அதிகம். சிக்கிம் உறுப்பினரின் மதிப்பு 7. இதுவே மிகக் குறைவு. அதாவது நிலக்கோட்டை உறுப்பினர் ஒருவரின் வாக்கு, சிக்கிம் உறுப்பினர்கள் 25 பேரின் வாக்குகளுக்கு ஏறத்தாழச் சமம்.

நாடாளுமன்ற உறுப்பினரின் மதிப்பு வேறு வகையில் கணக்கிடப்படுகிறது. நாட்டின் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கு மதிப்பையும் கூட்டி, அதை இரு அவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் சட்டமன்றங்களின் மொத்த மதிப்பு 5,43,231. இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 776. எனவே ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 700. இந்தக் கணக்கால் மாநிலங்கள் அனைத்தும் சேர்ந்த எடையும், நாடாளுமன்றத்தின் எடையும் கிட்டத்தட்டச் சமமாகின்றன.

வெற்றி இலக்கும் விருப்ப வரிசையும்

வெல்வதற்குத் தேவையான எண்ணைக் காண, செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பை இரண்டால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். பின்னம் வந்தால் அது விடப்படும்.

வாக்குச் சீட்டில் சின்னம் இருக்காது. வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். 1 என்று குறிப்பது கட்டாயம். அது இல்லாத சீட்டு செல்லாது. 2, 3 முதலியவற்றைக் குறிப்பது உறுப்பினரின் விருப்பம். இம்முறை ஒற்றை மாற்று வாக்கு முறை எனப்படுகிறது.

எண்ணிக்கை கீழ்க்காணும் படிகளில் நடைபெறும்:

1. முதல் விருப்ப வாக்குகள் எண்ணப்படும். யாராவது இலக்கை எட்டினால் அவர் வென்றவர். எண்ணிக்கை அத்துடன் முடிந்துவிடும்.
2. யாரும் எட்டவில்லை எனில், மிகக் குறைந்த வாக்கு பெற்றவர் நீக்கப்படுவார்.
3. நீக்கப்பட்டவரின் சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ அவருக்கு, அதே மதிப்புடன் அச்சீட்டுகள் சேர்க்கப்படும். அடுத்த விருப்பம் குறிக்கப்படாத சீட்டுகள் ஒதுக்கி வைக்கப்படும்.
4. ஒருவர் இலக்கை எட்டும் வரை இது தொடரும். யாருமே எட்டாமல் கடைசியில் ஒருவர் மட்டும் களத்தில் எஞ்சினால், இலக்கை எட்டாவிட்டாலும் அவரே வென்றவராக அறிவிக்கப்படுவார்.

நான்காவது படியைக் கவனிக்க வேண்டும். பலர் அடுத்த விருப்பங்களைக் குறிக்காமல் விட்டால், பாதிக்கும் குறைவான வாக்குடன் ஒருவர் குடியரசுத் தலைவர் ஆகலாம். இரண்டாவது வாக்கெடுப்பு கிடையாது. உறுப்பினர்கள் மீண்டும் கூடிப் பேசி முடிவை மாற்ற வாய்ப்பும் இல்லை. தம் முதல் வேட்பாளர் தோற்றால் யாரை ஏற்பது என்பதை அவர்கள் வாக்களிக்கும் நாளிலேயே எழுதித் தந்துவிடுகிறார்கள்.

1969-ஆம் ஆண்டுத் தேர்தல்

பின்னணி

குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் 1969 மே 3 அன்று காலமானார். பதவியில் இருந்தபோதே மறைந்த முதல் குடியரசுத் தலைவர் அவர். துணைக் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். புதிய தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் ஆளும் காங்கிரசுக்குள் பிளவு ஏற்பட்டது.

சிண்டிகேட் என்று அழைக்கப்பட்ட மூத்த தலைவர்கள் குழு, மக்களவைத் தலைவராக இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. கட்சித் தலைவர் எஸ். நிஜலிங்கப்பா, காமராசர் ஆகியோர் இக்குழுவில் இருந்தனர். காமராசர் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றிருந்தார். பிரதமர் இந்திரா காந்திக்கு இத்தேர்வில் விருப்பமில்லை. ஜூலை 20 அன்று கிரி பதவி விலகி, சுயேச்சையாகப் போட்டியிட்டார். அதனால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். இதயத்துல்லா தற்காலிகக் குடியரசுத் தலைவரானார்.

எதிர்க்கட்சிகளான சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் முன்னாள் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக்கை ஆதரித்தன. பொதுவுடைமைக் கட்சிகள் கிரியை ஆதரித்தன. மு. கருணாநிதி தலைமையில் தமிழ்நாட்டில் ஆட்சியில் இருந்த தி.மு.க.வும் கிரியை ஆதரித்தது. ஆகவே தமிழ்நாட்டு உறுப்பினர்கள் தில்லியின் இரு அணிகளுக்கு இடையே பிரிந்து நின்றனர்.

இரண்டாவது விருப்பத்துக்கான பேச்சுவார்த்தை

மும்முனைப் போட்டியில் யாருக்கும் முதல் எண்ணிக்கையில் பெரும்பான்மை கிடைக்காது என்பதை அணிகள் உணர்ந்திருந்தன. தேஷ்முக் மூன்றாவதாக வந்தால், அவருடைய ஆதரவாளர்களின் இரண்டாவது விருப்பம் யாருக்குச் செல்லும் என்பதே கேள்வி. அந்த வாக்குகளை ரெட்டிக்குப் பெறும் நோக்கில் நிஜலிங்கப்பா சுதந்திரா, ஜனசங்கத் தலைவர்களுடன் பேசினார். இந்தப் பேச்சுவார்த்தையையே இந்திரா காந்தி தரப்பு தனக்கு எதிரான சதியாகக் காட்டியது. கட்சி வேட்பாளருக்கு வாக்களிக்கும்படி கேட்க மறுத்த இந்திரா காந்தி, உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார். இரகசிய வாக்கெடுப்பு என்பதாலும் கொறடா உத்தரவு இல்லை என்பதாலும் அந்த அழைப்புக்கு உண்மையான பலன் இருந்தது.

எண்ணிக்கை

வாக்கெடுப்பு ஆகஸ்ட் 16 அன்றும் எண்ணிக்கை ஆகஸ்ட் 20 அன்றும் நடந்தன. களத்தில் 15 வேட்பாளர்கள் இருந்தனர். அப்போது ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 576.

- செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு: 8,36,337
- வெற்றிக்குத் தேவை: 4,18,169

முதல் விருப்ப வாக்குகள்:

- வி. வி. கிரி: 4,01,515
- நீலம் சஞ்சீவ ரெட்டி: 3,13,548
- சி. டி. தேஷ்முக்: 1,12,769
- மற்றவர்கள்: 8,505

கிரி முன்னிலையில் இருந்தும் இலக்குக்கு 16,654 குறைவாக இருந்தது. மிகக் குறைந்த வாக்கு பெற்றவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டனர். இறுதியாகத் தேஷ்முக் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் பிரிக்கப்பட்டன. இறுதி நிலை:

- வி. வி. கிரி: 4,20,077
- நீலம் சஞ்சீவ ரெட்டி: 4,05,427

எண்கள் சொல்வது

மாற்றப்பட்ட வாக்குகளில் ரெட்டிக்குக் கிடைத்தவை 91,879. கிரிக்குக் கிடைத்தவை 18,562 மட்டுமே. ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என்ற அளவு. நிஜலிங்கப்பாவின் முயற்சி தோல்வி என்று சொல்ல முடியாது. எதிர்பார்த்த வாக்குகளில் பெரும்பகுதி ரெட்டிக்கே சென்றது. ஆனால் முதல் எண்ணிக்கையில் இருந்த 87,967 என்ற இடைவெளியை அடைக்க அது போதவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. தேர்தல் முடியும்போது எந்த அடுத்த விருப்பமும் இல்லாமல் ஒதுங்கிய வாக்குகளின் மதிப்பு 10,833. இருவருக்கும் இடையிலான இறுதி வேறுபாடு 14,650. கிரிக்கு வாக்களித்த நாடாளுமன்ற உறுப்பினர்களில் 13 பேர் மட்டும் ரெட்டிக்கு வாக்களித்திருந்தால், கிரிக்கு 4,12,589-உம் ரெட்டிக்கு 4,12,915-உம் கிடைத்திருக்கும். இருவருமே இலக்கை எட்டியிருக்க மாட்டார்கள். கடைசியில் எஞ்சியவர் என்ற விதிப்படி ரெட்டி குடியரசுத் தலைவராகியிருப்பார்.

தேர்தலுக்குப் பின்

கிரி ஆகஸ்ட் 24 அன்று பதவியேற்றார். சுயேச்சையாக நின்று வென்ற முதல் குடியரசுத் தலைவர் அவரே. அதே ஆண்டு நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. தேர்தலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. ரெட்டியை இழிவுபடுத்தும் துண்டறிக்கை உறுப்பினர்களிடையே சுற்றில் விடப்பட்டது என்பது முதன்மையான குற்றச்சாட்டுகளில் ஒன்று. பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் நேரில் வந்து சாட்சியம் அளித்த அரிய வழக்கு அது. 1970-இல் மனுக்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. தோற்ற சஞ்சீவ ரெட்டி, 1977-இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார்.

இன்று ஒரு வேட்பாளரை வாக்காளர் குழுவின் 50 உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும். வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும். 1997 முதல் 2022 வரை நடந்த ஆறு தேர்தல்களிலும் இருவர் மட்டுமே போட்டியிட்டனர். இருவர் மட்டும் நிற்கும்போது இரண்டாவது விருப்பத்துக்கு வேலை இல்லை.

அமெரிக்கா: மாநிலத்துக்கு ஒரு வாக்கு

இந்திய முறையில் உறுப்பினர்கள் ஒரே நாளில் எழுதிய விருப்ப வரிசையே முடிவைத் தருகிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், முடிவு பிரதிநிதிகள் அவைக்குச் செல்கிறது. 1804-இல் நடைமுறைக்கு வந்த 12-ஆவது திருத்தத்தின்படி, முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களில் ஒருவரை அவை தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரே ஒரு வாக்குதான். துணைத் தலைவரை, முதல் இருவரிலிருந்து செனட் அவை தேர்ந்தெடுக்கும்.

இத்திருத்தத்துக்கு முன்பே, 1801-இல் தாமஸ் ஜெபர்சனும் ஆரன் பர்ரும் தலா 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றனர். பிரதிநிதிகள் அவை 36 முறை வாக்கெடுப்பு நடத்திய பிறகே ஜெபர்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

திருத்தத்துக்குப் பின் 1824-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஜான் குயின்சி ஆடம்ஸ் 84, வில்லியம் கிராபோர்ட் 41, ஹென்றி கிளே 37 வாக்குகள் பெற்றனர். தேவை 131. நான்காவதாக வந்த கிளே போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் அவர் பிரதிநிதிகள் அவையின் தலைவர். அவர் ஆடம்சை ஆதரித்தார். 1825 பிப்ரவரி 9 அன்று முதல் வாக்கெடுப்பிலேயே 24 மாநிலங்களில் 13 ஆடம்சுக்கு வாக்களித்தன. ஜாக்சனுக்கு 7, கிராபோர்டுக்கு 4. பின்னர் ஆடம்ஸ், கிளேயை வெளியுறவு அமைச்சராக்கினார். இது ஊழல் பேரம் என்று ஜாக்சன் தரப்பு ஆண்டுக்கணக்கில் பேசியது. 1828 தேர்தலில் ஜாக்சன் வென்றார்.

அப்போது நியூயார்க் மாநிலத்துக்கு 34 பிரதிநிதிகள் இருந்தனர். இல்லினாய்சுக்கு ஒருவர். இருவகை மாநிலங்களுக்கும் ஒரு வாக்குதான். இதே விதி இந்தியாவில் இருந்தால், 39 மக்களவை உறுப்பினர்கள் கொண்ட தமிழ்நாடும், ஒரே உறுப்பினர் கொண்ட சிக்கிமும் சமமாக எண்ணப்படும்.

இலங்கை: நாடாளுமன்றமும் மக்களும்

இலங்கையில் சனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். பதவி இடையில் காலியானால் மட்டும் எஞ்சிய காலத்துக்கு நாடாளுமன்றம் ஒருவரைத் தெரிவு செய்கிறது. 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச பதவி விலகியபோது இவ்விதி பயன்பட்டது. ஜூலை 20 அன்று நடந்த வாக்கெடுப்பில் ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அனுர குமார திசாநாயக்க 3 வாக்குகள் பெற்றனர். முதல் எண்ணிக்கையிலேயே ரணிலுக்குப் பெரும்பான்மை கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2024 செப்டம்பர் 21 அன்று மக்கள் வாக்களித்தபோது நிலை தலைகீழானது. அனுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடு பெற்று முதலிடத்தில் இருந்தார். சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடு பெற்றார். யாருக்கும் பாதி கிடைக்காததால், இலங்கை வரலாற்றில் முதல் முறையாக அடுத்த விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. இந்திய முறையைப் போல ஒவ்வொருவராக நீக்காமல், முதல் இருவரைத் தவிர அனைவரும் ஒரே நேரத்தில் நீக்கப்பட்டனர். முடிவில் திசாநாயக்க 57,40,179 வாக்குகளும் சஜித் 45,30,902 வாக்குகளும் பெற்றனர். நாடாளுமன்றத்தில் மூன்று வாக்கு பெற்றவரை மக்கள் சனாதிபதியாக்கினர்.

முறைகளின் ஒப்பீடு

அமெரிக்க முறையில் பேரத்துக்கு இடம் அதிகம். தேர்தல் முடிவு தெரிந்த பிறகு அவை கூடுவதால், தோற்றவர்களின் ஆதரவைப் பெற நேரமும் வாய்ப்பும் உண்டு. இந்திய முறையில் பேரம் வாக்குப்பதிவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இரகசியச் சீட்டு என்பதால் பேரம் நிறைவேறியதா என்பதையும் சரிபார்க்க முடியாது.

இன்னொரு வேறுபாடு எடையில் உள்ளது. அமெரிக்க அவையில் மாநிலங்கள் சமம். இந்தியாவில் மக்கள்தொகைக்கு ஏற்ப எடை மாறுகிறது. எந்த முறையானாலும் முதலில் முன்னிலை பெற்றவர் கட்டாயம் வெல்வார் என்ற உறுதி இல்லை. ஜாக்சன் தோற்றார். கிரி வென்றாலும், 13 உறுப்பினர்கள் தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே நின்றனர். பொலிவியாவில் 1989-இல் மூன்றாவதாக வந்த ஹைமே பாஸ் சமோராவையே நாடாளுமன்றம் அதிபராகத் தேர்ந்தெடுத்தது.

மாறவிருக்கும் எடை

நிலக்கோட்டை உறுப்பினரின் 176 என்ற மதிப்பு இன்றைய மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிடப்பட்டதல்ல. 1976-இல் செய்யப்பட்ட 42-ஆவது திருத்தம், 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றது. 84-ஆவது திருத்தம் இதை, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை நீட்டித்தது. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காக எடையை இழக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மொத்த மதிப்பு 41,184. உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தின் மதிப்பு 83,824. அதாவது தமிழ்நாட்டின் எடை உத்தரப் பிரதேசத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி. இதே கணக்கை 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகையைக் கொண்டு செய்தால், தமிழ்நாட்டு உறுப்பினரின் மதிப்பு 308 ஆகவும் உத்தரப் பிரதேச உறுப்பினரின் மதிப்பு 496 ஆகவும் உயரும். ஆனால் சட்டமன்றங்களின் மொத்த மதிப்பு முறையே 72,072, 1,99,888 ஆகும். தமிழ்நாட்டின் எடை பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவுக்குக் குறைந்துவிடும்.

ஒருவர் பெருவாரியாக வெல்லும் தேர்தல்களில் இந்த வேறுபாடு வெளியே தெரியாது. 2022-இல் திரௌபதி முர்மு 6,76,803 வாக்கு மதிப்பும் யஷ்வந்த் சின்கா 3,80,177 வாக்கு மதிப்பும் பெற்றனர். அங்கே சில ஆயிரங்கள் கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறாது. ஆனால் 1969 போல மும்முனைப் போட்டி மீண்டும் வந்தால், ஒரு மாவட்டத்தின் ஏழு உறுப்பினர்கள் தம் சீட்டில் 2 என்ற எண்ணை யாருக்கு எதிரே எழுதுகிறார்கள், அல்லது எழுதாமல் விடுகிறார்கள் என்பதும், அந்தச் சீட்டின் மதிப்பு எவ்வளவு என்பதும் நாட்டின் தலைவரை முடிவு செய்யக்கூடும். சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் ஒவ்வொருவரும் குடியரசுத் தலைவர் தேர்தலில் தம் சார்பாக வாக்களிக்கப் போகிறவரையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.